குரோம்பேட்டை கூறும் தொழில் வரலாறு

ஊர்ப் பெயர்களில் வரலாறு உறைந்து கிடக்கிறது. மன்னர் பெயரால் அமைந்த ஊர்கள் உண்டு. இறைநேசர் பெயரால் அமைந்த ஊர்களும் உண்டு. ஆனால், ஒரு ரசாயனப் பொருளின் பெயரைத் தாங்கி நிற்கும் ஊர் அரிது. பொழிச்சலூரிலிருந்து பம்மலையும் நாகல்கேணியையும் கடந்தால் நாம் அடையும் குரோம்பேட்டை அத்தகையது. குரோம் உப்பினால் தோல் பதனிட்ட 'குரோம் லெதர் கம்பெனி'யே அவ்வூருக்குப் பெயர் தந்தது.

அதற்கு முன்பு நம்மவர் பதனிட்ட முறை வேறு. சுண்ணாம்புக் குழியில் மயிர் நீக்கி, ஆவாரம்பட்டைச் சாற்றில் பல வாரங்கள் ஊறவைத்து, கடுக்காய் கொண்டு முடிப்பர். இவ்வாறு பாதி பதனிட்ட தோல் சென்னைத் துறைமுகத்திலிருந்து இலண்டனுக்குக் கப்பலேறியது. அங்கே அது முழுமை பெற்றது. இலாபத்தின் பெரும்பகுதியும் அங்கேயே தங்கியது.

அமெரிக்காவில் 1884இல் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் என்பார் குரோம் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதனைச் சென்னையில் 1903 முதல் சோதித்தவர் ஆல்பிரட் சாட்டர்டன். உழவர் கிணற்றில் நீர் இறைக்கும் கவலைச் சாலுக்கு, நீரில் விரைவில் நைந்துபோகாத தோல் வேண்டுமென்பது அவர் நோக்கங்களுள் ஒன்று. முயற்சி பலித்தது. ஆயினும், அரசு தொழிற்சாலை நடத்துவதை ஐரோப்பிய வணிகர் விரும்பவில்லை. 1910இல் இந்திய மந்திரி மார்லி பிரபு அதற்குத் தடை விதித்தார். அரசின் குரோம் ஆலை ரீவா சமஸ்தானத்துக்கு விற்கப்பட்டது. பின்னர் அத்தொழிலைச் சென்னை வட்டாரத்தில் வளர்த்தவை சேம்பர்ஸ் என்பாரின் குரோம் லெதர் கம்பெனி போன்ற தனியார் முயற்சிகளே.

இத்துறையில் நம் சமுதாயத்தின் பங்கு பெரிது. பெரியமேட்டுத் தோல் மண்டிகளும், ஆம்பூர், வாணியம்பாடி, திண்டுக்கல், திருச்சி ஆகிய ஊர்களின் பதனிடும் கூடங்களும் அதற்குச் சான்று. சொந்தக் கூடம் இல்லாத சிறு வணிகர் பிறர் கூடத்தில் கூலி கொடுத்துப் பதனிட்டுக் கொள்ளும் வழக்கம் இத்தொழிலில் உண்டு. கைப்பொருள் குறைந்தவரும் நாணயத்தை முதலாகக் கொண்டு தொழிலில் இறங்க அது வழி திறந்தது. ஒருவர் முதலும் மற்றவர் உழைப்பும் சேர்ந்து இலாபத்தைப் பகிரும் 'முளாரபா' முறை நமக்குப் புதிதன்று. அன்னை கதீஜா (ரலி) அவர்களின் முதலைக் கொண்டு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வாணிபம் செய்ததை நாம் அறிவோம்.

அவ்வாறு ஈட்டிய செல்வம் கல்விக்கும் பயன்பட்டது. தோல் வணிகப் பெருமக்களான ஜமால் முகம்மதுவும் காஜாமியான் ராவுத்தரும் கொடுத்த கொடையில் 1951இல் எழுந்ததே திருச்சி ஜமால் முகமது கல்லூரி.

விடுதலைக்குப் பின் 1948இல் அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. 1973இல் இந்திய அரசு பச்சைத் தோல் ஏற்றுமதியைத் தடுத்து, பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கும் வரம்பு கட்டியது. முழுமை பெற்ற தோலையும் தோற்பொருளையும் இங்கேயே செய்ய வேண்டுமென்ற அக்கொள்கை நல்லதே. வேலைகள் பெருகின. கூடவே குரோம் கலந்த கழிவுநீரும் பெருகியது. அது மண்ணில் இறங்கிக் கிணற்று நீரைக் கெடுத்தது. உழவனின் கிணற்றுக்கு உதவ வந்த குரோம், கிணற்றுக்கே கேடாயிற்று!

சிறு கூடம் ஒவ்வொன்றும் தனித்தனியே சுத்திகரிப்பு நிலையம் கட்ட இயலாது. பல்லாவரம் வட்டாரத்துத் தோல் தொழிலதிபர்கள் ஒன்றுகூடி 1990களில் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் அமைத்தனர். 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில், மாசு செய்தவரே அதற்கு ஈடு செய்ய வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. அவற்றுள் பல்லாவரம் அடங்கிய அன்றைய செங்கை மாவட்டமும் ஒன்று.

நீர் அனைவர்க்கும் பொது என்பது நம் மார்க்கம் காட்டும் நெறி. அதனை நீதிமன்றம் நமக்கு நினைவூட்ட நேர்ந்ததே என்று நாம் வருந்தத்தான் வேண்டும்.

இன்று நம் இளைஞர் பலர் கடல் கடந்து கூலி தேடுகின்றனர். சேமிப்பு நகையாகவும் மனையாகவும் முடங்குகிறது. அதில் ஒரு பகுதியைக் கூட்டு முதலாக்கி, உள்ளூரிலேயே சிறுதொழில் தொடங்க வழிகாட்டுவது ஜமாஅத்தின் கடமைகளுள் ஒன்றாகட்டும். முதலில் கூடியவர்கள் கழிவை அகற்றுவதிலும் கூடட்டும். தொடங்கும் நாளிலேயே அச்செலவையும் கணக்கில் எழுதட்டும். அண்டை வீட்டாரின் கிணற்றைக் காக்கும் தொழிலே தலைமுறை தாண்டி நிற்கும். அதன் வருவாயிலேயே பரக்கத்தும் இருக்கும்.