வரிசை தப்பியவர்கள்

2014இல் மகளிர் விடுதிக் காப்பாளர் வேலை ஒன்றுக்குச் சான்றிதழ் சரிபார்க்கப் போயிருந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் என்னுடைய மூன்று சான்றிதழ்களையும் தேதிப்படி அடுக்கினார். பி.ஏ. வரலாறு, 2007. பத்தாம் வகுப்பு, 2011. பன்னிரண்டாம் வகுப்பு, 2013. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சிரித்தார். "என்னம்மா, மாடியில இருந்து கீழ இறங்கி வந்திருக்கீங்க?"

அவர் கேலி செய்யவில்லை. உண்மையில் வருத்தப்பட்டார். ஆனால் விதி விதிதான். பத்து, பன்னிரண்டு, பட்டம் என்ற வரிசையில் படித்திருக்க வேண்டும். மூன்றும் கையில் இருந்தாலும் வரிசை தப்பியிருந்ததால் என் பட்டம் அந்த வேலைக்குப் பட்டம் ஆகாது.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். அருப்புக்கோட்டைப் பக்கம் எங்கள் வீட்டில் தறி இருந்தது. வயதுக்கு வந்த பிறகு பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் தார் சுற்ற உட்கார்ந்தேன். யாரும் அடித்து நிறுத்தவில்லை. சடங்கு முடிந்த மறுவாரம் புத்தகப் பை பரணுக்குப் போயிற்று, அவ்வளவுதான். 2003இல், 28 வயதில், இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான பிறகு, பள்ளிப் படிப்பு முடிக்காதவர்களும் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் சேரலாம் என்று கேள்விப்பட்டேன். முதலில் ஓர் ஆயத்தப் படிப்பு, அதில் தேறினால் பி.ஏ. தொடர்பு வகுப்புகள் ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தன. மதினி கேட்டது ஒரே கேள்வி: "அப்ப ஞாயித்துக்கிழமை கறி யாரு வைப்பா?" நாலு மணிக்கு எழுந்து கறி வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். பெண் கல்வியின் வரலாற்றை யாராவது முழுதாக எழுதினால் அதில் இந்தக் கறிக்குழம்புக்கும் ஓர் அத்தியாயம் வேண்டும்.

அந்த அலுவலகத்திலிருந்து திரும்பிய பிறகுதான் ஒரு கேள்வி வந்தது. நமக்கு முன்னே போன பெண்கள் வரிசையாகத்தான் போனார்களா?

முத்துலட்சுமி ரெட்டியை எடுத்துக்கொள்வோம். 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். அவருடைய பள்ளிப் படிப்பும் வயதுக்கு வந்ததோடு நின்றது. பிறகு வீட்டிலேயே பாடம். 1902இல் மெட்ரிகுலேஷன் தேர்வைத் தனித்தேர்வராக எழுதித் தேறினார். ஆண்கள் மட்டும் படித்த மன்னர் கல்லூரியில் அவரைச் சேர்ப்பதற்கு எதிர்ப்பு எழுந்தது. பெண் என்பதற்காக எதிர்த்தவர்கள் இருந்தார்கள். தாயின் தேவதாசிப் பின்னணியைச் சொல்லி எதிர்த்தவர்களும் இருந்தார்கள். மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் அனுமதித்ததால் கதவு திறந்தது. 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரி, 1912இல் மருத்துவர். நம் பாடப்புத்தகங்கள் 'முதல் பெண்' என்ற பெருமையைச் சொல்கின்றன. பள்ளிப் படிப்பைப் பள்ளியில் முடிக்காமலே கல்லூரிக்குப் போனவர் என்பதைச் சொல்வதில்லை.

துர்காபாய் தேஷ்முக்கின் கதை என் கதைக்கு இன்னும் நெருக்கமானது. 1909இல் ராஜமுந்திரியில் பிறந்தவர். எட்டு வயதில் கல்யாணம். வளர்ந்த பிறகு அந்தத் திருமணத்திலிருந்து விலகினார். ஆங்கிலவழிக் கல்வியை எதிர்த்துப் பள்ளியை விட்டவர். உப்பு சத்தியாகிரகத்தில் கைதாகி வேலூர், மதுரை சிறைகளில் இருந்தார். தம் வழக்கு என்னவென்றே படித்துத் தெரிந்துகொள்ள முடியாத பெண் கைதிகளை அங்கே பார்த்தார். வெளியே வந்ததும், இருபதுகளின் நடுவில், படிக்க உட்கார்ந்தார். பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தின் மெட்ரிகுலேஷன் தேர்வைப் பள்ளிக்குப் போகாமலே எழுத முடிந்தது. அதில் தேறி, பிறகு ஆந்திரப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். பெண்களுக்கு விடுதி இல்லை என்றார்கள். தன்னைப் போல இடம் தேடிய மாணவிகளைத் திரட்டி ஒரு விடுதியை நடத்திக்கொண்டு படித்தார். 1942இல் சென்னையில் சட்டப் பட்டம். அடுத்த சில ஆண்டுகளில் அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினர்.

அவர் தான் ஏறிய ஏணியை எடுத்துவிடவில்லை என்பதுதான் எனக்கு முக்கியம். சென்னையில் அவர் உருவாக்கிய ஆந்திர மகிளா சபாவில், படிப்பை விட்ட பெண்களை அதே பனாரஸ் தேர்வுக்குத் தயார் செய்தார்கள். 1953இல் மத்திய சமூக நல வாரியம் அமைந்தபோது அதன் முதல் தலைவர் அவரே. 1958இல் அந்த வாரியம் வயது வந்த பெண்களுக்கான சுருக்கப் படிப்புகளைத் தொடங்கியது. பல வருடப் பள்ளிப் பாடத்தை இரண்டு வருடத்தில் முடித்துத் தேர்வு எழுத வைக்கும் திட்டம் அது. தவறிப்போன வருடங்களை அப்படியே திருப்பிக் கேட்பது நியாயமில்லை என்று ஓர் அரசு அமைப்பே ஒப்புக்கொண்ட தருணமாக நான் அதைப் பார்க்கிறேன்.

வயது என்ற தடையைச் சகோதரி சுப்பலட்சுமியும் சந்தித்தார். 1912இல் அவர் தொடங்கிய இல்லம் பிராமண விதவைச் சிறுமிகளுக்கானது. வயது வந்த பெண்களுக்கு வேறு ஏற்பாடு தேவைப்பட்டபோது 1927இல் சாரதா வித்யாலயா உருவானது. இந்த வரலாற்றைப் பெருமையோடு மட்டும் சொல்லிவிட முடியாது. எந்தச் சாதிப் பெண்ணின் விதவைக்கோலம் சமூகத்தின் கண்ணை உறுத்தியது, எந்தச் சாதிப் பெண்ணின் படிப்பின்மை இயல்பென்று விடப்பட்டது என்பதும் இதற்குள் இருக்கிறது. தார் சுற்றியவர்களுக்கு அன்று ஐஸ் ஹவுஸ் திறக்கவில்லை.

எங்களுக்குத் திறந்த கதவு திறந்தநிலைப் பல்கலைக்கழகம்தான். 1982இல் ஆந்திராவில் முதல் பல்கலைக்கழகம், 1985இல் இந்திரா காந்தி பல்கலைக்கழகம், 2002இல் தமிழ்நாட்டுக்கென்று ஒன்று. பல்கலைக்கழக மானியக் குழுவின் 1985 ஒழுங்குமுறையே தொலைநிலைப் படிப்பில் இதற்கு இடம் வைத்தது: பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிப் படிப்பு இல்லாதவர், 21 வயது நிறைந்திருந்து, பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வில் தேறினால் பட்டப் படிப்பில் சேரலாம்.

2009இல் உச்ச நீதிமன்றத்தின் முன் ஒரு வழக்கு வந்தது. இளங்கலையே படிக்காமல் நேராக வாங்கிய முதுகலைப் பட்டம் செல்லாது என்று தீர்ப்பானது. அதில் எனக்குச் சண்டை இல்லை. பாடமே நடத்தாமல் பட்டம் கொடுத்தால், உழைத்துப் படித்தவளுக்கும் அது அவமானம்தான். ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த தமிழக அரசாணை 107, பத்தும் பன்னிரண்டும் முடித்த பிறகு திறந்தநிலையில் பெற்ற பட்டங்களே அரசுப் பணிக்குச் செல்லும் என்றது. நேரடி எம்.ஏ.வுக்குப் போட்ட தாழ்ப்பாள், நுழைவுத் தேர்வும் ஆயத்தப் படிப்பும் எழுதி மூன்று வருடம் பி.ஏ. படித்தவர்கள் மேலும் விழுந்தது. சேரும்போது செல்லும் என்ற வழி, முடித்து வந்தபோது செல்லாத வழியாயிற்று.

இத்தனைக்கும் அந்த வரிசை ஒன்றும் கல்லில் வெட்டியதல்ல. தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்ததே 1978இல்தான். அதற்கு முன் பதினோராம் வகுப்பில் எஸ்.எஸ்.எல்.சி., பிறகு கல்லூரியில் பி.யு.சி. அதற்கும் முன் மெட்ரிகுலேஷன். வாசலின் அளவு காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. மாறாதது ஒன்றுதான்: பதினான்கு வயதில் வீட்டுக்குள் இழுக்கப்படுகிறவள் பெண்ணாகவே இருக்கிறாள். வரிசையில் நிற்கவிடாமல் இழுத்தது வீடு. வரிசையில் நிற்கவில்லை என்று கணக்குக் கேட்பது அரசு. இரண்டுக்கும் அவளே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

வேலை கிடைக்கவில்லை. இப்போது எங்கள் தெருவில் மாலை நேரத்தில் ஏழெட்டுப் பெண்களுக்குத் தனித்தேர்வுப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள், தையல் மிஷின் வைத்திருப்பவர்கள், கைப்பிள்ளைக்காரி ஒருத்தி. அவர்களில் ஒருத்தி போன மாதம் கேட்டாள்: "அக்கா, நேரா டிகிரி படிக்க முடியும்ங்கிறாங்களே, எதுக்குப் பத்தாவதுல போய் உக்காரணும்?"

"முதல்ல பத்தாவது எழுது. அப்புறம் பன்னெண்டு. அப்புறம் டிகிரி" என்றேன். அவளை அந்த மேசை முன்னால் நிறுத்த எனக்கு மனமில்லை. வீட்டுக்கு வந்து என் பி.ஏ. சான்றிதழை எடுத்துப் பார்த்தேன். நாலு மணிக்கு எழுந்து படித்தது எல்லாமே அதில் இருக்கிறது. அவளுக்கு நான் சொன்னது எச்சரிக்கை மட்டுமே. அது நியாயம் என்று அவள் நினைத்துவிடக் கூடாது. அதையும் அடுத்த வகுப்பில் சொல்ல வேண்டும்.