ஆட்டமும் ஊதியமும்: ரமேஷ் கிருஷ்ணனின் ஓய்வு பற்றிய ஒரு நோக்கு

விளையாட்டினை ஒழுக்கப் பயிற்சியாகக் கருதும் மரபு, ஆங்கிலக் கல்வியுடனேயே யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கல்லூரிகளுக்கு வந்து சேர்ந்தது. ஊதியத்துக்காக ஆடுபவன் ஆட்டத்தின் தூய்மையைக் கெடுப்பவன் என்ற எண்ணமும் அம்மரபின் ஒரு கூறாகும். இவ்வெண்ணம் எத்துணைப் பொருத்தமுடையது என்பதைச் சென்னை ரெனிஸ் குடும்பமொன்றின் வரலாற்றைக் கொண்டு ஆராயலாம்.

தந்தையார் ரி. கே. இராமநாதனிடம் பயின்ற இராமநாதன் கிருஷ்ணன், 1954 இல் விம்பிள்டன் இளையோர் பட்டத்தை வென்றார். ஆசியர் ஒருவர் அப்பட்டத்தைப் பெற்றது அதுவே முதற்றடவை. 1959 இல், மூன்றாண்டுகளுக்கு 150,000 டொலர் தருவதாகக் கூறி, ஜாக் கிறேமர் அவரைத் தமது தொழில்முறைக் குழுவுக்கு அழைத்தார். இணங்கியிருப்பின் விம்பிள்டனிலும் டேவிஸ் கிண்ணப் போட்டியிலும் ஆடும் உரிமையை அவர் இழந்திருப்பார். அவர் இணங்கவில்லை. 1960, 1961 ஆகிய ஆண்டுகளில் விம்பிள்டன் அரையிறுதியை எட்டினார். 1966 இல் இந்தியா முதன்முறையாக டேவிஸ் கிண்ண இறுதிப் போட்டிக்குச் செல்லவும் துணைநின்றார்.

இம்மறுப்பு போற்றுதற்குரியதே. ஆயினும், அதனைக் கொண்டு ஊதியம் இழிவானதென முடிவுகட்டுதல் தவறாகும். ஊதியம் பெறாதோர்க்கே பெரும்போட்டிகள் உரியன என்ற அக்கால விதி, வேறு வருவாயற்ற வீரனை ஒதுக்கியது. செலவுப்பணம் என்ற பெயரில் மறைமுகக் கொடுப்பனவுகளுக்கும் இடமளித்தது. 1968 இல் விம்பிள்டன் தொழில்முறையாளர்க்கும் திறந்துவிடப்பட்டதோடு இப்போலித் தூய்மை கலைந்தது.

கிருஷ்ணனின் மைந்தர் ரமேஷ், இம்மாற்றத்தின் பின் வளர்ந்தவர். தந்தை வென்ற அதே இளையோர் பட்டத்தை 1979 இல் வென்று, தொழில்முறை ஆட்டக்காரரானார். வன்மையே ஆட்டமாகிவிட்ட காலத்தில், மென்மையான அடியையும் நுட்பமான இடந்தேர்வையும் நம்பி ஆடியவர் அவர். 1986 இல் விம்பிள்டன் காலிறுதியை அடைந்தார்; 1989 இல் அவுஸ்திரேலியப் போட்டியில், அப்போது உலகின் முதலிடத்திலிருந்த மற்ஸ் விலாண்டரை வீழ்த்தினார்.

ஊதியம் பெற்று ஆடிய இவரிடம் நாட்டுப்பற்று குன்றியதா? 1987 டேவிஸ் கிண்ண அரையிறுதி சிட்னியில் நடைபெற்றது. இரண்டுக்கிரண்டு என்ற சமநிலையில் வந்த இறுதி ஆட்டத்தில் வொலி மசூரை வென்று, இந்தியாவை இறுதிப் போட்டிக்கு அனுப்பியவர் ரமேஷே. 1992 பார்சலோனா ஒலிம்பிக்கில், இளைஞரான லியாண்டர் பயஸுடன் இணைந்து இரட்டையர் காலிறுதி வரை சென்றார். 1993 இல் பிரான்சை அதன் மண்ணிலேயே வென்று அரையிறுதி கண்ட இந்திய அணியிலும் இடம்பெற்றார். அவ்வாண்டிலேயே தொழில்முறை ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். மூன்றாண்டுகளின் பின், அற்லாண்டாவில் பயஸ் ஒலிம்பிக் வெண்கலப் பதக்கம் பெற்றார்.

ஓய்வின் பின்னர் தந்தையும் மைந்தரும் சென்னையில் பயிற்சி நிலையம் நிறுவி இளையோரைப் பயிற்றுவித்தனர். ஒருவர் ஊதியத்தை மறுத்தார், மற்றவர் ஏற்றார். ஆயினும் நாட்டுக்காக ஆடியதிலும், கற்றதைக் கையளித்ததிலும் இருவரும் ஒருவரே. ஆதலால் வீரனின் தகைமையை அளக்கும் கோல், அவன் ஊதியம் பெற்றானா என்பதன்று; ஆட்டத்துக்கு அவன் எதனைத் திருப்பியளித்தான் என்பதேயாகும்.