சில்லா, இயங்குதளமா? மாணவர் மடிக்கணினியில் அயல் மென்பொருள் இயங்கிய வரலாறு

ஓர் இயங்குதளத்துக்காக எழுதிய மென்பொருளை வேறோர் இயங்குதளத்தில் ஓட்டுவதன் வரலாறு பெரும்பாலும் ஒரு நேர்கோடாகவே சொல்லப்படுகிறது: முதலில் மந்தமான எமுலேட்டர், அடுத்து மெய்நிகர்க் கணினி, கடைசியில் வைன் போன்ற இடைநிலை மென்பொருள். ஆண்டுகளை அடுக்கிப் பார்த்தால் இந்த வரிசை நிற்பதில்லை. 2020 இறுதியில் புதிய மேக்புக் வாங்கிய மாணவர் 1964-இல் ஐபிஎம் கையாண்ட உத்தியின் வாரிசைத்தான் பயன்படுத்தினார். அயல் மென்பொருளுக்குத் தடையாக நிற்பது சில்லின் கட்டளைத் தொகுதியா, இயங்குதளமா என்பதே ஒவ்வொரு காலத்திலும் உத்தியை முடிவு செய்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஐபிஎம்மின் 1401 கணினி 1959-இல் வந்தது. ஆயிரக்கணக்கான அலுவலகங்களில் கணக்கு வழக்குகள் அதில்தான் நடந்தன. 1964 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட சிஸ்டம்/360 அந்த நிரல்களைப் புரிந்துகொள்ளாது. அதற்குச் சில மாதங்கள் முன்பே, 1963 டிசம்பரில், ஹனிவெல் நிறுவனம் 1401-இன் நிரல்களை மாற்றித்தரும் கருவியோடு தன் 200 வகைக் கணினியை அறிவித்து வாடிக்கையாளர்களை இழுக்கத் தொடங்கியிருந்தது. புதிய கணினியின் நுண்நிரலிலேயே பழைய கணினியின் நடத்தையை எழுதிவைத்து ஐபிஎம் இதை எதிர்கொண்டது. அங்கே தடை சில்லின் மட்டத்தில் இருந்ததால் தீர்வும் அங்கேயே பிறந்தது.

மேசைக் கணினிகளிலும் இதே கதைதான். மோட்டோரோலா சில்லில் ஓடிய மெக்கின்டாஷில் டாஸ் நிரல்களை ஓட்ட 1980-களின் இறுதியில் சாஃப்ட்பிசி வந்தது; பவர்பிசி சில்லுக்கு 1997-இல் கனெக்டிக்ஸ் நிறுவனத்தின் வர்ச்சுவல் பிசி வந்தது. ஒவ்வொரு இன்டெல் கட்டளையையும் பெயர்த்துப் பெயர்த்து ஓட்டியதால் இரண்டுமே மந்தம்.

கட்டளைத் தொகுதி ஒன்றாகவே இருந்தால் இந்தப் பெயர்ப்புக்குத் தேவையில்லை என்று தோன்றும். ஆனால் ஒரு சில்லை மெய்நிகராக்க எவை வேண்டும் என்று கணினி அறிஞர்கள் போப்பெக்கும் கோல்ட்பெர்க்கும் 1974-இல் வகுத்த நிபந்தனைகளை இன்டெல் எக்ஸ்86 நிறைவு செய்யவில்லை. சிக்கலான கட்டளைகளை மட்டும் ஓடும்போதே மாற்றியெழுதி விஎம்வேர் 1999-இல் அந்தக் குறையைத் தாண்டியது. 2005-இல் இன்டெல் தன் சில்லுகளிலேயே அதற்கு வசதி செய்தது. ஆப்பிளும் இன்டெலுக்கு மாறிய 2006-ஆம் ஆண்டில், ஏப்ரலில் மேக்கிலேயே விண்டோஸைத் தனியே ஏற்றித் தொடங்கும் பூட் கேம்ப்பும், ஜூனில் அதை மெய்நிகர்க் கணினியாக ஓட்டும் பேரலல்ஸும் வெளிவந்தன. விண்டோஸ் மென்பொருள் தேவைப்பட்ட பொறியியல் மாணவரும் தயங்காமல் மேக்புக் வாங்கக்கூடிய காலம் அப்போதுதான் தொடங்கியது.

மெய்நிகர்க் கணினிக்கு ஒரு விலை உண்டு: ஒரே நினைவகத்தை இரண்டு இயங்குதளங்கள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். 2007-இல் ஏழை நாடுகளின் பள்ளிப் பிள்ளைகளுக்கென உற்பத்திக்கு வந்த எக்ஸ்ஓ மடிக்கணினியின் நினைவகம் 256 மெகாபைட் மட்டுமே. லினக்சில் இயங்கிய அக்கணினியில் விண்டோஸ் வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தபோது, 2008 மே மாதம் விண்டோஸ் எக்ஸ்பியையே அதில் ஏற்றுவதாக முடிவானது. தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டமும் விண்டோஸையும், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சையும் ஒரே கணினியில் அருகருகே வைத்தது. அயல் மென்பொருளை ஓட்டுவதற்கு மாற்றாக இயங்குதளத்தையே மாற்றிக்கொள்ளும் வழி இது. நிர்வாகத்துக்கு எளிது. ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகக் கணினியை ஒவ்வொரு முறையும் நிறுத்தித் தொடங்க வேண்டும் என்பதால், மாணவர் ஒரு பக்கத்திலேயே தங்கிவிடுவார் என்பதை யாரும் ஊகித்திருக்கலாம்.

குறைந்த நினைவகத்துக்குப் பொருத்தமான வழி வைன்தான். விண்டோஸ் நிரல்களை யுனிக்சில் ஓட்டிய, சன் நிறுவனத்தின் வாபி காட்டிய வழியில், 1993-இல் பாப் ஆம்ஸ்டாட்டும் எரிக் யங்டேலும் தொடங்கிய திட்டம் இது. 1994 முதல் அலெக்சாந்தர் ஜூலியார் பொறுப்பில் இருக்கிறது. கோப்பைத் திற, சாளரத்தை வரை என்று விண்டோஸ் நிரல் கேட்பதை வைன் வாங்கி, லினக்சின் வழியில் செய்துமுடித்துப் பதில் தரும். நிரலின் கட்டளைகள் சில்லில் நேராகவே ஓடும். விண்டோஸின் பிரதி வேண்டியதில்லை. கடினம் வேறிடத்தில் இருந்தது. ஆவணப்படுத்தப்படாத நடத்தைகளையும், நிரல்கள் நம்பியிருந்த பிழைகளையும்கூட அப்படியே திரும்பச் செய்துகாட்ட வேண்டும், அதுவும் மைக்ரோசாஃப்டின் மூலநிரலைப் பாராமல். 1.0 பதிப்பு 2008 ஜூனில்தான் வெளியானது. பதினைந்து ஆண்டு உழைப்பின் இலக்காக அது வைத்துக்கொண்டவை ஃபோட்டோஷாப் சிஎஸ்2, வேர்ட், எக்செல், பவர்பாயின்ட் கோப்புகளைப் பார்க்க மட்டும் உதவும் சிறு நிரல்கள்.

இந்தத் தாமதத்துக்குத் தொழில்நுட்பத்தை மட்டும் காரணமாக்க முடியாது. வைனின் துணையோடு வேர்ட்பெர்ஃபெக்ட் ஆபீஸ் 2000-ஐ லினக்சுக்குக் கொண்டுவந்த கோரல் நிறுவனத்தில், 2000 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் 13.5 கோடி டாலர் முதலீடு செய்தது. அடுத்த ஆண்டு கோரல் லினக்ஸ் தொழிலைக் கைமாற்றிவிட்டது. மேம்படுத்தியதைத் திருப்பித்தராத நிறுவனங்களைக் கட்டுப்படுத்த 2002 மார்ச்சில் வைனின் உரிமமே மாற்றப்பட்டது. கடைசியில் பெரும் பணம் போட்டு இதை முன்னகர்த்தியது கல்வித் துறையோ அலுவலகமோ அன்று, விளையாட்டு. வால்வ் நிறுவனம் வைனை அடிப்படையாகக் கொண்டு விண்டோஸ் விளையாட்டுகளை லினக்சில் ஓட்டும் புரோட்டானை 2018 ஆகஸ்டில் வெளியிட்டது. 2022 பிப்ரவரியில் அதை நம்பி ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கணினியையே விற்றது. ஒரு பல்கலைக்கழகம்கூட இந்த அளவுக்கு வைனுக்காகச் செலவழிக்கவில்லை என்பதைக் கல்வித் துறையின் தவறிய வாய்ப்பாகவே கருதுகிறேன்.

வைன் பக்குவப்பட்ட வேளையில் தடை மீண்டும் சில்லுக்கே திரும்பியது. 2020 நவம்பரில் இன்டெலை விட்டு, ஆர்ம் கட்டளைத் தொகுதியில் இயங்கும் தன் எம்1 சில்லை ஆப்பிள் வெளியிட்டதும் அந்தக் கணினிகளில் பூட் கேம்ப் இல்லாமல் போனது. பழைய இன்டெல் நிரல்களை ரொசெட்டா 2 பெயர்த்து ஓட்டுகிறது. மேக்கில் வைன் ஓடுவதும் அதன் தோளில் ஏறித்தான். எம்1, எம்2 சில்லுகளில் பேரலல்ஸ் வழியாக விண்டோஸ் 11-இன் ஆர்ம் பதிப்பை ஓட்ட 2023 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் ஒப்புதல் தந்தது. அந்த விண்டோஸும் எக்ஸ்86 நிரல்களைத் தன் பங்குக்குப் பெயர்த்தே ஓட்ட வேண்டும். 2018-இல் லினக்ஸ் நிரல்களை ஏற்கத் தொடங்கிய குரோம்புக்கோ உள்ளே ஒரு மெய்நிகர்க் கணினியை வைத்துக்கொண்டது. ஆக, பழைய உத்திகள் எதுவும் மறையவில்லை. ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி நிற்கின்றன. ஏறிய ஒவ்வொரு அடுக்கும் வேகத்திலும் மின்கலத்திலும் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. எந்த அடுக்காலும் தாண்ட முடியாத தடைகளும் உண்டு. இயங்குதளத்தின் கருவில் போய் அமரும் இயக்கிகள் வைனுக்கு எட்டாதவை. சேஃப் எக்ஸாம் பிரவுசர் போன்ற தேர்வு மென்பொருள்களோ மெய்நிகர்க் கணினியைக் கண்டுகொண்டு மறுத்துவிடும்.

மேக்ஓஎஸ் 27-க்குப் பின் ரொசெட்டாவின் பொதுவான ஆதரவு முடிவுக்கு வரும் என்று ஆப்பிள் 2025-இல் அறிவித்துவிட்டது. நான்காண்டுப் படிப்பில் இன்று சேரும் மாணவரின் மடிக்கணினி படிப்பு முடியும் முன்பே அந்த எல்லையைத் தொட்டுவிடும். ஆகவே, பாடத்துக்குத் தேவையான மென்பொருள்களின் பட்டியலைத் தரும் கல்லூரிகள், அவற்றுக்குரிய இயங்குதளத்தோடு சில்லின் வகையையும் அதில் குறிப்பிட வேண்டும்.