கடல் கடந்து வந்த குரல்

இசை மூவர் பிறந்த ஊர் திருவாரூர். தியாகராசரும் முத்துசுவாமி தீட்சிதரும் சியாமா சாஸ்திரியும் தோன்றிய அம்மண்ணில், சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் தேநீர்க் கடைகளிலும் வீட்டுத் திண்ணைகளிலும் ஒலித்த பாட்டு எங்கிருந்து வந்தது? நம்முள் மூத்தோரைக் கேட்டால், "சிலோன் ரேடியோ" என்று தயங்காமல் விடை கூறுவர்.

நமக்கென்று வானொலி இல்லாமல் இல்லை. 1939 மே 16 அன்றே திருச்சி நிலையம் தொடங்கப்பட்டுவிட்டது. ஆயினும் 1952-இல் நடுவண் அரசின் தகவல், ஒலிபரப்பு அமைச்சராகப் பொறுப்பேற்ற பி. வி. கேஸ்கர், திரைப்பாடல்கள் மக்களின் சுவையைக் கெடுப்பதாகக் கருதினார். அகில இந்திய வானொலியில் அவற்றுக்குரிய நேரம் சுருங்கியது; செவ்வியல் இசை மேலோங்கியது. நோக்கம் உயர்ந்ததே. ஆனால் மக்கள் வாதாடவில்லை; வானொலிப் பெட்டியின் திருகைத் திருப்பினர்.

திருப்பிய இடத்தில் இலங்கை வானொலி இருந்தது. 1925-இல் எட்வர்ட் ஹார்ப்பர் என்னும் பொறியாளரின் முயற்சியால் கொழும்பில் ஒலிபரப்பு தொடங்கியது. இரண்டாம் உலகப் போரில் நேசநாட்டுப் படைவீரர்களுக்காக நிறுவப்பட்ட ஆற்றல்மிக்க சிற்றலை ஒலிபரப்பி, போருக்குப் பின் இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1950-இல் வர்த்தக சேவை பிறந்தது. போருக்கென வந்த கருவி பாட்டுக்குப் பயன்பட்டது! மத்திய அலையோ உப்புநீரின் மேல் அதிகம் தேயாமல் பயணம் செய்யும் இயல்புடையது. எனவே, பாக் நீரிணையைக் கடந்து நம் கடற்கரை ஊர்களுக்கு அக்குரல் தெளிவாக வந்து சேர்ந்தது.

அக்குரலுக்குத் தனி அழகு உண்டு. எஸ். பி. மயில்வாகனம், கே. எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி. எச். அப்துல் ஹமீத் ஆகியோர் நம் வீட்டு விருந்தினராயினர். நேயர்களின் பெயரையும் ஊரையும் அவர்கள் படிக்கும்போது, சிற்றூரில் வாழ்ந்த எளியவரும் தம்மை உலகம் அறிந்ததாக உணர்ந்தனர். 1970-களில் கிட்டார் ஒலியோடு ஈழத்துப் பொப்பிசையும் வந்தது. நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் ஆகியோரின் துள்ளும் பாடல்களை நம் இளைஞர்கள் விரும்பிப் பாடினர்.

திருச்சி வானொலி தோற்றது என்று இதனால் முடிவு கட்டலாமா? கூடாது. 1960-களின் நடுவில் ஆடுதுறை 27 என்னும் குறுவை நெல் வகையைத் திருச்சி நிலையம் விடாது அறிமுகப்படுத்தியது. உழவர்கள் அதற்கு "ரேடியோ நெல்" என்றே பெயரிட்டனர். அறிஞர் சொன்னதை உழவர் மொழியில் சொன்னபோது அதே நிலையம் வயல்வரை சென்றது. அரசும் பின்னர்ப் பாடம் கற்றது. 1957-இல் விவித் பாரதி தொடங்கப்பட்டு, திரைப்பாடலுக்கு மீண்டும் வாசல் திறந்தது. மக்களின் நன்மையை நாடுவோர் முதலில் மக்களுக்குச் செவிகொடுக்க வேண்டும் என்பது இவ்வரலாறு புகட்டும் பாடம்.

ஆனால் கேட்ட நமக்கும் ஒரு கேள்வி உண்டு. 1983 சூலையில் இலங்கையில் தமிழர் வீடுகள் எரிந்தன; ஆயிரக்கணக்கானோர் ஏதிலியராய் நம் கரை வந்து சேர்ந்தனர். அரசு வானொலி அரசின் குரலாகவே பேசும். பாட்டின் இடையே மக்களின் அழுகையை அதில் கேட்க முடியாது. அறிவிப்பாளரின் இனிய தமிழைப் பல்லாண்டு சுவைத்த நாம், அத்தமிழ் பேசிய மக்களின் வாழ்வை எவ்வளவு அறிந்திருந்தோம்? அவர்கள் நம் பெயர்களை நாள்தோறும் படித்தனர். அவர்களுடைய ஊர்களின் பெயர்களை நாம் கற்றது பெரும்பாலும் துயரச் செய்திகளின் வழியாகவே அன்றோ?

ஒலிநாடாவும் தொலைக்காட்சியும் பண்பலையும் வந்தபின் அந்தத் திருகுகள் ஓய்ந்துவிட்டன. இன்று வேண்டிய பாட்டு வேண்டிய நொடியில் கைப்பேசியில் கிடைக்கிறது. கேட்பதற்குக் குறைவில்லை, செவிகொடுப்பதற்கே குறைவு. கடலுக்கு அப்பாலிருந்து வரும் பாட்டை வரவேற்ற நம் திண்ணைகள், அங்கிருந்து வரும் மனிதரையும் அதே அன்போடு வரவேற்குமானால், அந்தப் பழைய குரலுக்கு நாம் பட்ட கடன் ஓரளவு தீரும்.