பிரியாத கணக்கு

பொம்மையார்பாளையத்தில் கடலோரமாக என் நண்பர் ஒருவரின் வீடு இருக்கிறது. ஒரு நாள் மாலை அவருடைய பெண் நோட்டும் கையுமாக வந்து, "மாமா, இதைக் காரணிகளாகப் பிரிக்க முடியுமா?" என்று கேட்டாள். 'க⁴ + 4' என்றிருந்தது. கல்லூரியில் இரண்டு வருஷம் கணக்குப் படித்த மிடுக்கில், "நடுவே கூட்டல் குறி அல்லவா இருக்கிறது? பிரியாது, அம்மா" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

மறுநாள் காப்பிக்கு முன்பே நோட்டு வந்தது. 4க² என்பதைக் கூட்டி, அதையே கழித்திருந்தாள். (க² + 2க + 2)(க² − 2க + 2). பெருக்கிப் பார்த்தேன், சரியாகத்தான் வந்தது. எனக்கு முடியாததை, முடியவே முடியாதது என்று சொல்லியிருக்கிறேன்!

அப்படியானால் பிரியாதது என்று ஒன்று உண்டா? உண்டு. க⁵ − 6க + 3. முழு எண்களைக் கொண்டு இது இரண்டாகப் பிரிந்தால், கடைசி மூன்று ஒரு பங்குக்குத்தான் போகும். மற்றப் பங்கில் மூன்று இல்லாததால், பெருக்கும்போது நடு உறுப்பு ஏதாவது ஒன்று மூன்றால் வகுபடாமல் நின்று காட்டிக் கொடுத்துவிடும். ஷோனமான், ஐசன்ஸ்டைன் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் கண்ட சோதனை இது. இந்தக் கணக்குக்கு வர்க்கமூலம், கனமூலம் போன்ற மூலக்குறிகளால் விடை எழுதவும் முடியாது. ஐந்தாம் படிக்குப் பொதுச் சூத்திரமே கிடையாது என்று நார்வே தேசத்து ஏபெல் 1824-லேயே நிரூபித்துவிட்டார். அவரே பள்ளிப் பருவத்தில் சூத்திரம் கண்டுவிட்டதாக நம்பி, பிறகு தம் பிழையைத் தாமே கண்டவர்.

இந்தச் செய்தி கும்பகோணத்துப் பையன் ராமானுஜனுக்கு எட்டவில்லை. 1902-ல் மூன்றாம் படிச் சமன்பாட்டைத் தீர்க்கக் கற்றான். நான்காம் படிக்குத் தானே வழி கண்டான். மறு வருஷம் ஐந்தாம் படியில் இறங்கினான். வழி எப்படி அகப்படும்? இல்லாத கதவைத் தட்டிய அந்த நாட்கள் வீண் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எப்.ஏ. பரீட்சையில் தோற்று, வேலையில்லாமல், 1910-ல் இந்தப் பக்கம்தான் வந்தார்: தென்னாற்காடு ஜில்லாவின் திருக்கோவலூருக்கு. அங்கே டிப்டி கலெக்டர் வி. ராமசாமி அய்யர், கணித சங்கத்தை ஆரம்பித்தவர். கேட்டது குமாஸ்தா வேலை. நோட்டுகளைப் புரட்டிய அய்யருக்கு, இவரை ரெவினியூ இலாகாவின் கடைப்படியில் உட்கார வைக்க மனமில்லை. சென்னைக்குச் சிபாரிசுடன் அனுப்பினார்.

இவ்வளவையும் சொல்லி முடித்தபோது, பெண் அந்த ஐந்தாம் படிக் கணக்கை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள்.

"அதுதான் பிரியாது என்றேனே!"

"நேற்றும் அப்படித்தானே சொன்னீர்கள், மாமா?"