நயமொழியும் நிழற்படமும்: ஜூலியா மார்கரெட் கேமரனின் விற்பனைச் சொற்கள்

முன்னுரை

நிழற்படம் கலையா, கருவியின் வேலையா என்னும் வழக்கு பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் வலுவாக நிகழ்ந்தது. அவ்வழக்குக்கு விலை என்னும் பக்கமும் உண்டு. கலையென்று பலர் ஒப்பாத ஒன்றை ஓவியம் விற்கும் கடையில் வைத்து விற்பதற்கு, வாங்குவோரை இசைவிக்கும் சொல் வேண்டும். ஜூலியா மார்கரெட் கேமரன் (1815-1879) அச்சொல்லைக் கையாண்ட திறத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

கல்கத்தாவில் பிறந்த கேமரனுக்கு 1863இல், அவர்தம் 48ஆம் வயதில், மகளும் மருமகனும் நிழற்படக் கருவியொன்றைப் பரிசளித்தனர். அவர் எடுத்த படங்களைச் செல்வச் சீமாட்டியின் பொழுதுபோக்கு எனக் கொள்வது பொருந்தாது. கணவர் சார்லஸ் ஹே கேமரனின் பொருள்வளம் இலங்கைக் காப்பித் தோட்டங்களில் முடங்கிக் கிடந்தது. குடும்பம் பணமுடையில் இருந்தது. 1864 முதல் அவர் தம் படங்களைப் பதிப்புரிமைக்காகப் பதிவு செய்தார். 1875க்குள் பதிவுகளின் எண்ணிக்கை 500ஐக் கடந்தது. லண்டனின் கோல்னாகி கலைப்பொருள் நிறுவனம் அவற்றை விற்றது.

அட்டையில் எழுதிய சொல்

படம் ஒட்டிய அட்டையின் அடியில் கேமரன் தம் கையாலேயே எழுதிய தொடர்கள் கருதத்தக்கன. 'உயிருருவிலிருந்து எடுத்தது' என்பது அவற்றுள் முதன்மையானது. ஆளை எதிரில் அமர்த்தி எடுக்கும் படத்துக்கு இத்தொடர் தேவையே இல்லை. ஆயினும் ஓவியர் வழக்கில் இதற்கு மதிப்பு மிகுதி. அவ்வழக்கைக் கடன்கொண்டதன் வாயிலாக, வாங்குவோர் கையிலிருப்பது கலைப்படைப்பு என்பதை வாதிடாமலே உணர்த்திவிட்டார். இதனருகிலேயே பதிவு, பதிப்புரிமை ஆகிய சட்டச் சொற்களும் தம் கையொப்பமும் இடம்பெறும். நயமும் உரிமைக் கண்டிப்பும் ஒரே வரியில் அமைந்தன.

புகழ்மிக்கோர் வாய்மொழியையும் அவர் பயன்படுத்தினார். 1868இல் தாம் எடுத்த சார்லஸ் டார்வினின் படத்தின்கீழ், தம்மை எடுத்த பிற படங்கள் எவற்றினும் இதுவே தமக்கு மிகவும் பிடித்தது என்னும் பொருள்பட டார்வின் எழுதிய வரியை, அவருடைய கையெழுத்து வடிவிலேயே அச்சிட்டுச் சேர்த்தார். விற்பவர் தம் பொருளைத் தாமே புகழவில்லை. படத்தில் உள்ளவரே புகழ்கிறார்.

கடிதங்கள்

சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகத்தின் தலைவர் ஹென்றி கோல் 1865இல் அவர் படங்களை வாங்கினார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் கேமரன் அவருக்கு எழுதிய கடிதம், புதிய படத்தொகுதி அவரை மகிழ்ச்சியால் அதிரவைத்து உலகையும் வியக்கச் செய்ய வேண்டும் என்னும் ஆர்வத்தைப் புலப்படுத்துகிறது. இதனை மென்மொழி என்பதைவிட அன்பின் நெருக்குதல் என்பதே தகும். 1868இல் அருங்காட்சியகத்தின் இரு அறைகள் அவருக்குப் படப்பிடிப்பிடமாகக் கிடைத்தன.

நிழற்படத் துறையினரோ அவர் படங்கள் தெளிவற்றவை எனக் குறைகூறினர். அறிவியலறிஞர் ஜான் ஹெர்ஷலுக்கு 1864இன் இறுதியில் எழுதிய கடிதத்தில், எது முறையான குவியம் என வரையறுக்கும் உரிமை யாருக்கு உண்டு என்று கேமரன் வினவினார். குறையெனப்பட்டதை அவர் மறுக்கவில்லை. அதைக் குறையெனக் கூறும் அதிகாரத்தையே வினாவுக்கு உட்படுத்தினார். மங்கலைக் கலைஞரின் தெரிவாகக் காணும் பார்வை இங்கே உருக்கொள்கிறது. அதே பேனா, பிள்ளைகளைப் படிக்கவைக்க வேண்டிய பெண் புகழைமட்டும் கொண்டு வாழ இயலாது எனக் கோலுக்கு வெளிப்படையாகவும் எழுதியது. புகழ் வந்த அளவுக்குப் பணம் வரவில்லை. டென்னிசனின் ஆர்தர் மன்னன் கவிதைகளுக்காக எடுத்த படங்கள் நூற்பதிப்பில் சிறு மரச்செதுக்குகளாகச் சுருங்கியபோது, அவற்றைப் பெரிய அளவில் தாமே தொகுதிகளாக வெளியிட்டார்.

இலங்கையில்

1875இல் குடும்பம் இலங்கையில் குடியேறியது. அத்தீவின் காப்பித் தோட்டங்களில் உழைத்தோர் பெரும்பாலும் தமிழகத்திலிருந்து சென்ற கூலித் தொழிலாளர். அங்கு எடுத்தவற்றுள் இன்று எஞ்சியவை 30க்கும் குறைவு. அவற்றில் அமர்ந்த உள்ளூர் மக்கள் பெரும்பாலும் பெயரற்றவர்கள். 1878இல் எடுத்த ஒரு படத்தின் குறிப்பு, களுத்துறைக் குடியானவர்கள் எனத் தொடங்கி, சிறுமிக்கு 12 வயது என்றும் முதியவர் தம்மை அவள் தந்தையெனவும் நூறு வயதினர் எனவும் சொல்லிக்கொள்கிறார் என்றும் கூறுகிறது. டார்வினின் படத்தில் அவருடைய கையெழுத்தே சான்று. களுத்துறை முதியவரின் வாய்மொழியோ 'சொல்லிக்கொள்கிறார்' என்னும் ஐயத்தோடுதான் அட்டையில் ஏறியது.