வார்டிலிருந்து பல்கலைக்கழகத் தலைமைக்கு

 

ஓப்பநாயக்கவில் பெற்றோரோடு பேசும்போது அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "டொக்டர் கிடைச்சா சரி சேர். மிஸ்ஸி வேலை எதுக்கு? இரவு டியூட்டி, அதோட முடிஞ்சிரும்." இரவு டியூட்டி உண்மைதான். "அதோட முடிஞ்சிரும்" என்பதை மட்டும் வரலாறு ஏற்காது.

ஷேர்லி சேட்டர் 1932இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஷமோக்கின் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தவர். 1953இல் ஆஸ்பத்திரிப் பயிற்சிப் பாடசாலையில் தாதியர் டிப்ளோமா பெற்றார். அக்காலப் பயிற்சியில் பாதி படிப்பு, பாதி வார்ட் வேலை. அது பட்டமாகாது. ஆகவே திரும்பவும் படித்தார். 1956இல் பட்டம், 1960இல் முதுமாணி, 1964இல் பேர்க்லியில் கலாநிதி. அந்தக் கடைசிப் பட்டம் தாதியியலில் அல்ல, கல்வியியலில். எங்கள் துறை என்பதால் எனக்கு அதில் கொஞ்சம் பெருமை!

சான் பிரான்சிஸ்கோவில் தாதியர் பேராசிரியராக இருந்தவர், அந்தப் பல்கலைக்கழகத்தின் கல்வி விவகார நிர்வாகத்துக்கே பொறுப்பானார். 1986இல் டெக்சாஸ் மகளிர் பல்கலைக்கழகத்தின் தலைவரானார். நம் நாட்டுக் கணக்கில் உபவேந்தர் மாதிரி. 1993இல் ஜனாதிபதி கிளின்டன் அவரை நாட்டின் சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தின் ஆணையாளராக்கினார். முதியோர் ஓய்வூதியப் பணம் கொடுக்கும் இடம் அது.

அவருக்கு முன்பே வழி போட்டவர்கள் இருந்தார்கள். கனடாவில் பிறந்த அடிலெய்ட் நட்டிங் 1891இல் தாதியாகப் பயிற்சி முடித்து, 1907இல் கொலம்பியாவில் பேராசிரியரானார். உலகில் அந்த இடத்துக்கு வந்த முதல் தாதி அவர்தான். 1923இல் யேல் தாதியர் பீடத்துக்கு ஆனி குட்ரிச் பீடாதிபதியானார். யேலில் பெண்ணொருவர் பீடாதிபதியானது அதுவே முதல் தடவை.

நமது நாட்டில் இந்தக் கதவு பிந்தித்தான் திறந்தது. சுகாதார அமைச்சின் பயிற்சிக் கல்லூரிகள் நீண்ட காலம் டிப்ளோமாவோடு நிறுத்திவிட்டன. 1994இல்தான் திறந்த பல்கலைக்கழகம், வேலை செய்துகொண்டே பட்டம் படிக்கத் தாதியருக்கு இடம் கொடுத்தது. சேட்டர் 1953க்கும் 1956க்கும் இடையில் ஏறிய அதே படி, நாற்பது வருடம் கழித்து நம்மவர்களுக்கு. பிறகு அரச பல்கலைக்கழகங்களிலும் தாதியியல் பட்டம் வந்தது. இன்று கொழும்புப் பல்கலைக்கழகத்தில் தாதியர் பீடமே இருக்கிறது.

உயர்தரத்தில் உயிரியல் எடுத்த பிள்ளை வீட்டில் இருந்தால், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் மருத்துவத்துக்குக் கீழேயும் கொஞ்சம் வாசித்துப் பாருங்கள். தாதியியல் அங்கே இருக்கிறது.